கோடு நகர்ந்ததா, குடும்பம் நகர்ந்ததா? அமெரிக்க வம்சாவளித் தேடலில் பழைய கவுண்டி எல்லை வரைபடங்கள்

1850 சென்சஸ்படி ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) 14,328 பேர் இருந்தார்கள். 1860-ல் அதே கவுண்டியில் 7,806 பேர்தான். பத்தே வருடத்தில் கிட்டத்தட்ட பாதிப் பேரைக் காணோம். உள்நாட்டுப் போர் அப்போது தொடங்கக்கூட இல்லை. பிறகு எங்கே போனார்கள்?

பெரும்பாலானவர்கள் எங்கேயும் போகவில்லை. 1853 டிசம்பரில் டிகால்பின் மேற்குப் பகுதியைப் பிரித்து ஃபுல்டன் என்ற புதுக் கவுண்டியை உருவாக்கினார்கள். வேகமாக வளர்ந்துகொண்டிருந்த அட்லாண்டா நகரம் அந்தப் பகுதியில்தான் இருந்தது. 1860-ல் ஃபுல்டனின் மக்கள்தொகை 14,427. இரண்டையும் கூட்டினால் 22,233 வரும். ஏறக்குறைய அதே நிலப்பரப்பில் மக்கள்தொகை நன்றாகவே கூடியிருக்கிறது.

ஒரே ஒரு குடும்பத்தை வைத்துப் பார்த்தாலும் இதே கதைதான். அட்லாண்டாவில் கடை வைத்திருந்த ஒருவர் 1850 கணக்கெடுப்பில் டிகால்ப் கவுண்டியில் இருப்பார், 1860-ல் ஃபுல்டன் கவுண்டியில் இருப்பார். இணையத்தில் உள்ள குடும்ப மரங்களில் இதைப் பார்த்துவிட்டு "1850-களில் ஃபுல்டனுக்குக் குடிபெயர்ந்தார்" என்று எழுதிவிடுகிறார்கள். அவர் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்கியிருக்கவே மாட்டார். இப்படி ஒரு தவறு மரத்தில் ஏறிவிட்டால் அடுத்து வருபவர்களும் அதை அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். ஒரு பழைய வரைபடத்தை ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

கவுண்டி ஏன் இவ்வளவு முக்கியம்?

மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு கவுண்டி. லூசியானாவில் இதையே பாரிஷ் என்பார்கள், அலாஸ்காவில் பரோ என்பார்கள். தென் கரோலினாவில் 1868 வரைக்கும் டிஸ்ட்ரிக்ட் என்ற பெயர் இருந்தது. இவற்றையெல்லாம் சேர்த்தால் இன்று அமெரிக்காவில் 3,100-க்கு மேல் வரும்.

ஒரு சாதாரண மனிதரைப் பற்றி அரசிடம் இருந்த தாள்களில் பெரும்பகுதி கவுண்டி அலுவலகத்தில்தான் சேர்ந்தது. நிலக் கிரயப் பத்திரம், உயில், இறந்தவரின் சொத்துப் பட்டியல், திருமணப் பதிவு, வரிப் பட்டியல், வழக்குக் கட்டு எல்லாமே கவுண்டித் தலைநகரில் உள்ள நீதிமன்றக் கட்டடத்துக்குப் போகும். 1790-லிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் சென்சஸின் தாள்களும் மாநிலம், அதற்குள் கவுண்டி என்ற வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆக, கவுண்டி தெரியாவிட்டால் எந்தக் கட்டைப் பிரிப்பது என்றே தெரியாது.

குடியேற்றம் பரவப் பரவக் கவுண்டிகளைப் பிரித்துக்கொண்டே இருந்தார்கள். குதிரையிலோ வண்டியிலோ போய் ஒரு பத்திரத்தைப் பதிந்துவிட்டு வர நாள்கணக்கில் ஆகும் என்றால், அந்தப் பகுதி மக்கள் தனிக் கவுண்டி கேட்பார்கள். உள்ளூர் அரசியலும் அதில் சேர்ந்துகொள்ளும். ஜார்ஜியாவில் மட்டும் இன்று 159 கவுண்டிகள் இருக்கின்றன. 254 கவுண்டிகள் கொண்ட டெக்சாஸுக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

தாள்கள் இடம் மாறுவதில்லை

தொடங்குபவர்கள் முதலில் மனதில் பதிக்க வேண்டியது இது: கவுண்டி பிரியும்போது நிலம் புதுக் கவுண்டிக்குப் போகும், அதுவரை எழுதப்பட்ட தாள்கள் பொதுவாகத் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். இன்றைய அட்லாண்டா நகரின் நடுவில் 1848-ல் ஒரு நிலம் கைமாறியிருந்தால், அந்தப் பத்திரத்தை ஃபுல்டனில் தேடிப் பயனில்லை. டிகால்பின் தலைநகரான டிகேட்டரில்தான் தேட வேண்டும். பிற்காலத்தில் சில புதுக் கவுண்டிகள் தங்கள் பகுதிக்கான பழைய பத்திரங்களைத் தாய்க் கவுண்டியிலிருந்து படியெடுத்து வைத்துக்கொண்டதும் உண்டு. கவுண்டி பிறந்த வருடத்துக்கு முந்தைய பத்திரம் அங்கே தென்பட்டால் அநேகமாக அது அப்படி வந்த படியாக இருக்கும். முடிந்தால் மூலத்தையும் பார்த்துவிடுங்கள், கையால் படியெடுக்கும்போது பெயர்கள் பிழையாவது சகஜம்.

டிகால்பிலும் ஒரு சிக்கல் உண்டு. 1842-ல் அதன் நீதிமன்றக் கட்டடம் எரிந்து பெரும்பாலான ஆவணங்கள் அழிந்துபோயின. அப்போதும் வரைபடம்தான் கைகொடுக்கும். டிகால்ப் கவுண்டியே 1822-ல் ஹென்றி, ஃபயட், க்வினெட் என்ற மூன்று கவுண்டிகளின் நிலத்திலிருந்து உருவானது. அதற்கு முந்தைய தாள் ஏதாவது இருந்தால் அந்த மூன்றில் ஒன்றில் இருக்கும். எந்த மூலை எதிலிருந்து வந்தது என்பதைக் கோடு போட்ட வரைபடம் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

கெண்டக்கியின் லெக்சிங்டன் இருக்கும் நிலத்தை எடுத்துக்கொண்டால் சங்கிலி இன்னும் நீளும். வர்ஜீனியா காலனியின் கணக்கில் 1734-ல் ஸ்பாட்சில்வேனியாவிலிருந்து ஆரஞ்ச் கவுண்டி பிரிந்தது. 1738-ல் ஆரஞ்சிலிருந்து அகஸ்டா, 1770-ல் அகஸ்டாவிலிருந்து பாட்டடாட், 1772-ல் அதிலிருந்து ஃபின்காசில். 1776 முடிவில் ஃபின்காசிலை மூன்றாக்கியபோது அதில் ஒரு துண்டு கெண்டக்கி கவுண்டி. 1780-ல் அது மீண்டும் மூன்றாகி, லெக்சிங்டன் ஃபயட் கவுண்டிக்குள் வந்தது. 1792 ஜூன் 1 அன்று கெண்டக்கி தனி மாநிலமே ஆகிவிட்டது. 1774-ல் அந்தப் பக்கம் அளக்கப்பட்ட நிலத்தைத் தேடுபவர் நான்கே வருடம் உயிரோடிருந்த ஃபின்காசில் கவுண்டியின் தாள்களைப் பார்க்க வேண்டும். சரி, அவை எங்கே? ஃபின்காசில் என்ற பெயரில் ஓர் ஊர் இன்றும் வர்ஜீனியாவில் இருக்கிறது. ஆனால் அது பாட்டடாட் கவுண்டியின் தலைநகர். ஃபின்காசில் கவுண்டியின் தாள்களோ மான்ட்கோமரி கவுண்டியின் கிறிஸ்டியன்ஸ்பர்க்கில் இருக்கின்றன. பெயரை மட்டும் நம்பிப் போனால் தவறான வாசலில்தான் நிற்க வேண்டிவரும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அகஸ்டாவைச் சட்டத்தில் உருவாக்கியது 1738-ல், அங்கே நீதிமன்றம் நடக்க ஆரம்பித்தது 1745-ல். இடைப்பட்ட காலத்தில் அங்கிருந்தவர்களின் உயிலும் பத்திரமும் ஆரஞ்ச் கவுண்டிக்குத்தான் போயின. மேற்கே நகர நகர இப்படிக் காகிதத்தில் மட்டும் பிறந்து, செயல்படும்வரை பக்கத்துக் கவுண்டியோடு இணைந்திருந்த கவுண்டிகள் ஏராளம். நல்ல வரைபடத் தொகுப்பு இந்த இணைப்பையும் காட்டும்.

வருடம் போதாது, நாள் வேண்டும்

சென்சஸுக்கு ஒரு குறிப்பு நாள் உண்டு. கணக்கெடுப்பவர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வீடுவீடாக அலைந்தாலும், அந்தக் குறிப்பு நாளில் வீட்டில் யார் இருந்தார்கள் என்பதையே எழுத வேண்டும். 1790-லிருந்து 1820 வரை ஆகஸ்ட் மாதத் தொடக்கம். 1830-லிருந்து 1900 வரை ஜூன் 1, 1890-ல் மட்டும் ஜூன் 2. 1910-ல் ஏப்ரல் 15, 1920-ல் ஜனவரி 1, 1930 முதல் ஏப்ரல் 1.

ஜார்ஜியாவின் ராக்டேல் கவுண்டி 1870-ல் உருவானது. 1870 சென்சஸில் ராக்டேலைத் தேடினால் கிடைக்காது. அது பிறந்தது அக்டோபரில், சென்சஸின் குறிப்பு நாள் ஜூன் 1. அந்த வருடத்துக் குடும்பங்களை நியூட்டன் அல்லது ஹென்றி கவுண்டியில்தான் பார்க்க வேண்டும். "1870-ல் உருவானது" என்ற ஒற்றை வரியை நம்பியவர்கள் இங்கே தடுமாறிவிடுவார்கள். எனவே கவுண்டி பிறந்த தேதியை மாதத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர் செய்யும் குழப்பம்

கவுண்டிகள் பிரிவது மட்டுமில்லை, செத்துப்போகவும் செய்யும், பெயரையும் மாற்றிக்கொள்ளும். ஜார்ஜியாவின் காஸ் கவுண்டி 1861-ல் பார்டோ ஆனது. ஆகவே 1860-ல் காஸ், 1870-ல் பார்டோ, இடம் ஒன்றேதான். வட கரோலினாவின் பியூட் கவுண்டியை 1779-ல் ஃபிராங்க்ளின், வாரன் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு அந்தப் பெயரையே எடுத்துவிட்டார்கள். ஜார்ஜியாவின் மில்டன், கேம்பெல் கவுண்டிகள் 1932-ல் ஃபுல்டனோடு சேர்ந்துவிட்டன. 1930 சென்சஸில் அவை தனியாக இருக்கும், 1940-ல் காணாமல் போயிருக்கும்.

வால்டன் கவுண்டியின் கதை இன்னும் சுவாரசியமானது. 1803-ல் ஜார்ஜியா தன் வடகோடியில் வால்டன் என்று ஒரு கவுண்டியை உருவாக்கியது. அந்த நிலம் எங்களுடையது என்றது வட கரோலினா. இரு தரப்புக்கும் அடிதடி நடந்தது, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. கடைசியில் நில அளவைக்காரர்கள் இரு மாநிலங்களுக்கும் எல்லையான 35-ஆவது அட்சக்கோட்டை அளந்து பார்த்ததில் சர்ச்சைக்குரிய நிலம் வட கரோலினாவுக்கே உரியது என்று உறுதியானது. இன்று அந்த இடம் வட கரோலினாவின் டிரான்சில்வேனியா கவுண்டிக்குள் இருக்கிறது. பிறகு 1818-ல் ஜார்ஜியா வேறொரு இடத்தில் அதே பெயரில் இன்னொரு வால்டன் கவுண்டியை உருவாக்கியது. இன்று வரைபடத்தில் இருப்பது அதுதான். 1805-ம் வருடத் தாளில் "வால்டன் கவுண்டி, ஜார்ஜியா" என்று பார்த்துவிட்டு இன்றைய வால்டனில் தேடினால் அந்தக் குடும்பத்தின் தடயம் எப்படிக் கிடைக்கும்?

ஒரே நிலம் ஒரே நேரத்தில் இரண்டு மாநிலங்களின் கவுண்டிகளில் இருந்ததும் உண்டு. இன்றைய பிட்ஸ்பர்க் பக்கத்து நிலத்தைப் பென்சில்வேனியா தன் வெஸ்ட்மோர்லண்ட் கவுண்டி என்றது, வர்ஜீனியா தன் யோஹோகேனியா கவுண்டி என்றது. 1776-ல் தொடங்கிய யோஹோகேனியா சில வருடங்களில் மறைந்துவிட்டது. ஆனாலும் அதன் நீதிமன்றக் குறிப்புகள் இருக்கின்றன. பென்சில்வேனியா மண்ணில் வாழ்ந்த ஒருவரின் பெயர் வர்ஜீனியாவின் தாளில் இருக்கலாம் என்பதை எல்லை வரலாறு தெரிந்தவர்தான் யோசிப்பார்.

1870 என்ற சுவர்

எல்லை வரைபடம் யாருக்கு மிகவும் தேவை என்று கேட்டால், கறுப்பின அமெரிக்கக் குடும்பங்களின் வேர்களைத் தேடுபவர்களுக்கு என்பேன்.

1840 வரை சென்சஸில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான் இருக்கும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850-ல்தான் சுதந்திரமாக இருந்த ஒவ்வொருவரின் பெயரையும் எழுத ஆரம்பித்தார்கள். அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. 1850, 1860 ஆகிய இரண்டு முறையும் அவர்களுக்குத் தனித் தாள் வைத்து, உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்று மட்டும் வரிசையாக எழுதினார்கள். பெரும்பான்மையோரின் பெயர் சென்சஸில் முதன்முதலாக வருவது 1870-ல்தான். அந்த வருடம் வரை வந்து முட்டி நிற்கும் தேடல்கள் எத்தனையோ.

அந்தச் சுவரைத் தாண்ட வேண்டுமானால் கவுண்டி நீதிமன்றத் தாள்களுக்குள் இறங்க வேண்டும். அடிமை உடைமையாளர் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியல், மகளுக்குக் கொடுத்த பத்திரம், கடனுக்கு வைத்த அடமானம் போன்றவற்றில், மாட்டுக்கும் ஏருக்கும் நடுவே, மனிதர்களின் பெயர்கள் இருக்கும். படிக்கவே வலிக்கும். ஆனால் ஒரு தாயையும் அவள் பிள்ளைகளையும் பெயரோடு சேர்த்துக் காட்டும் ஒரே தாள் பல சமயம் அதுவாகத்தான் இருக்கும். அந்தத் தாள் எந்தக் கவுண்டியில் இருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்வதுதான் எல்லை வரைபடத்தின் வேலை. 1880-ல் ராக்டேல் கவுண்டியில் இருக்கும் ஒரு குடும்பத்தின் 1850-களின் தடயம், நியூட்டனிலோ ஹென்றியிலோ இருக்கலாம். ராக்டேலில் மட்டும் தேடிவிட்டு "ஆவணம் இல்லை" என்று முடித்துவிடக் கூடாது.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றவர்களுக்காக நடந்த ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் வேலை ஒப்பந்தங்களும், 1865 முதல் 1874 வரை செயல்பட்ட ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கியின் கணக்குப் பதிவேடுகளும் இங்கே பெரிய உதவி. வங்கிப் பதிவேட்டில் பிறந்த இடம், பெற்றோர், உடன்பிறந்தவர்கள் பெயர்கள்கூடக் கிடைக்கலாம். பிறந்த கவுண்டி என்று ஒருவர் சொன்னது அவர் பிறந்தபோது இருந்த பெயரா, சொல்லும்போது இருந்த பெயரா என்று தெரியாது. இரண்டு தேதிகளுக்கும் வரைபடத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

சரி, எப்படித் தொடங்குவது?

சிகாகோவில் உள்ள நியூபெரி நூலகம் அமெரிக்கக் கவுண்டி எல்லைகளின் வரலாற்று வரைபடத் தொகுப்பை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1629 முதல் 2000 வரை நடந்த எல்லை மாற்றங்கள் அதில் தேதிவாரியாக இருக்கின்றன. மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, உங்கள் கையில் உள்ள ஆவணத்தின் தேதியைக் கொடுத்தால், அந்த நாளில் கோடுகள் எப்படி இருந்தன என்று காட்டும். இன்றைய எல்லைகளை அதன்மேல் போட்டும் பார்க்கலாம். ஒவ்வொரு மாற்றமும் எந்தச் சட்டத்தால் வந்தது என்ற குறிப்பும் உண்டு. தனி ஆளைத் தேடாமல், ஒரு பகுதியின் மக்கள்தொகை எப்படி மாறியது என்று ஆராய்பவர்களுக்கு மினசோட்டா பல்கலைக்கழகத்தின் என்ஹெச்ஜிஐஎஸ் தரவுத்தளம் பொருத்தமாக இருக்கும். ஒவ்வொரு சென்சஸின் எண்களும் அந்தந்த வருடத்து எல்லைக் கோப்பும் சேர்ந்தே கிடைக்கும். எந்தக் கவுண்டியில் பத்திரங்கள் எந்த வருடத்திலிருந்து இருக்கின்றன, எப்போது தீப்பிடித்தது போன்ற தகவல்களுக்கு ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தின் விக்கியில் உள்ள கவுண்டிப் பக்கங்களைப் பாருங்கள்.

ஆனால் வரைபடத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கவுண்டி பெயரை விட்டுவிட்டு, குடும்பம் வாழ்ந்த இடத்தையே பிடிக்க வேண்டும். ஓடை, தேவாலயம், கல்லறை, ஆலை போன்ற நகராத ஏதாவது ஒன்று போதும். பழைய பதின்மூன்று காலனிகளிலும் கெண்டக்கி, டென்னசி போன்ற மாநிலங்களிலும் பத்திரங்களில் நிலத்தை ஓடை, மரம், பக்கத்து நிலக்காரர் என்றுதான் விவரித்தார்கள். ஓடையின் பெயர் கிடைத்தால் அமெரிக்க அரசின் ஊர்ப்பெயர்த் தரவுத்தளத்தில் தேடி இன்றைய வரைபடத்தில் புள்ளி வைத்துவிடலாம். ஒஹையோ, இல்லினாய் போன்ற மாநிலங்களில் இது இன்னும் சுலபம். அங்கே பெரும்பாலான நிலத்தை ஆறு மைல் நீள அகலமுள்ள சதுரங்களாக அளந்து எண் கொடுத்திருக்கிறார்கள். கவுண்டி எத்தனை முறை மாறினாலும் அந்த எண் மாறாது. புள்ளி கிடைத்தபிறகு ஒவ்வொரு ஆவணத்தின் தேதிக்கும் அந்தப் புள்ளி எந்தக் கவுண்டிக்குள் விழுகிறது என்று பார்த்து ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். தென் கரோலினாவின் வடமேற்கு மூலையில் ஒரு பண்ணைக்கு இப்படிப் பட்டியல் போட்டால், 1820-ல் பெண்டில்டன், 1830 முதல் 1860 வரை பிக்கன்ஸ், 1870-ல் ஒகோனி என்று வரக்கூடும். அந்தப் பட்டியல்தான் இனி எங்கே தேடுவது என்பதற்கான வழிகாட்டி.

அண்டை வீட்டார் சொல்லும் சாட்சி

குடும்பம் நகர்ந்ததா, கோடு நகர்ந்ததா என்று சோதிக்க எனக்குப் பிடித்த வழி, பக்கத்து வீட்டுப் பெயர்களைப் பார்ப்பது. முதல் சென்சஸில் உங்கள் குடும்பத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பத்துப் பதினைந்து பெயர்களைக் குறித்துக்கொண்டு, அடுத்த சென்சஸில் புதுக் கவுண்டியின் தாளில் தேடுங்கள். அதே அண்டை வீட்டார் அங்கேயும் சுற்றி இருந்தால், மொத்தத் தெருவும் ஒரே நாளில் மூட்டை கட்டியிருக்க வாய்ப்பு குறைவு. நகர்ந்தது கோடு. எல்லாமே புதுப் பெயர்கள் என்றால் குடும்பம் உண்மையிலேயே இடம் மாறியிருக்கலாம். ஆரம்ப காலத்துத் தாள்களில் சில கணக்கெடுப்பாளர்கள் பெயர்களை அகர வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார்கள். அங்கே மட்டும் இந்த வழி உதவாது. அப்போது வருடா வருடம் எடுத்த வரிப் பட்டியல்களை வைத்து ஒப்பிடலாம்.

வரைபடம் சாத்தியத்தைத்தான் காட்டும், நிரூபணம் அது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லையோரத்தில் வாழ்ந்தவர்களை எந்தக் கவுண்டியில் சேர்ப்பது என்று கணக்கெடுப்பவருக்கே குழப்பம் இருந்திருக்கும். புள்ளி கோட்டுக்கு அருகில் விழுந்தால் இரண்டு பக்கமும் தேடுங்கள். அப்புறம், நிஜமாகவே ஊர் விட்டு ஊர் போனவர்களும் லட்சக்கணக்கில் உண்டு. கோடு நகர்ந்திருந்தால் குடும்பம் நகரவில்லை என்று ஆகிவிடாது.

1890 சென்சஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் அதன் தாள்கள் கடுமையாகச் சேதமடைந்தன. மிஞ்சியதையும் பிறகு அழித்துவிட்டார்கள். இன்று கிடைப்பது மிகச் சில துண்டுகளே. இதனால் 1880-க்கும் 1900-க்கும் நடுவே இருபது வருட வெற்றிடம் விழுகிறது. அதற்குள் கவுண்டி எல்லை மாறியிருந்தால் குழப்பம் இரட்டிப்பு. அந்த இடைவெளியை நிரப்ப நியூயார்க் போன்ற மாநிலங்கள் தாங்களே எடுத்த கணக்கெடுப்புகளும், வரிப் பட்டியல்களும் இருக்கின்றன. அவற்றைத் தேடும்போதும் தேதிக்குரிய எல்லையை முதலில் பாருங்கள்.

கடைசியாக, கண்டுபிடித்ததை எப்படி எழுதி வைப்பது என்பது. குடும்ப மர மென்பொருள்கள் இடப்பெயரை இன்றைய கவுண்டிக்குத் தாமாகவே மாற்றப் பார்க்கும். அதற்கு இடம் கொடுக்காமல், சம்பவம் நடந்த நாளில் எந்தக் கவுண்டியோ அதையே எழுதுங்கள். 1850-ல் அட்லாண்டாவில் பிறந்த குழந்தைக்கு "அட்லாண்டா, டிகால்ப் கவுண்டி, ஜார்ஜியா" என்று போட்டு, பக்கத்துக் குறிப்பில் "இன்று ஃபுல்டன் கவுண்டி" என்று சேர்த்துவிடுங்கள். ஓடையையோ கல்லறையையோ வைத்துப் பிடித்த புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் அதே குறிப்பில் எழுதிவிட்டால், அடுத்து தேடுபவர் எந்தத் தேதியின் வரைபடத்தைத் திறந்தாலும் நேராக அந்த இடத்துக்கே போய்விடலாம்.